எஞ்சின் இறக்கிய அண்ணன்

"வர்ற அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்கு நம்ம ஜீப்புலயே போயிடலாம்" என்று ராமாபுரத்து அண்ணன் சொன்னால், எந்த அமாவாசை என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் கையைப் பிடித்து இழுத்துப்போய் எஞ்சினைக் காட்டுவார். எஞ்சின் பாதி நாள் ஜீப்பில் இருக்காது. திண்ணையில், பழைய லாரி டயர் மேல், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் அதற்குப் பக்கத்தில்தான் பாய் விரிக்க வேண்டும்.

ராமாபுரம், கொள்ளேகாலிலிருந்து அனூர் தாண்டி மலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லா, அப்புறம் மைசூர் ஜில்லா, 1997 முதல் சாமராஜநகர் ஜில்லா. சேஸிஸ் அதே இடத்தில் நிற்க, ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் பெயர் மாறிக்கொண்டே வந்த வண்டி மாதிரி ஒரு ஊர். தமிழில் ஆரம்பித்த பேச்சைக் கன்னடத்தில் முடிப்பது இங்கே சர்வ சாதாரணம். அண்ணனும் அப்படித்தான் பேசுவார், ஆனால் திட்டுவது மட்டும் தமிழில்.

வண்டி, மகிந்திரா எம்.எம். 540. அதில் கம்பெனியிலிருந்தே வந்தது 2112 சிசி பியூஜோ டீசல். குளிர்காலக் காலையில் ஹீட்டர் பிளக் சூடேறும்வரை சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட வேண்டும். வயசாகிவிட்டது, புகை கக்கியது. சாமானிய மனிதர் என்றால் பட்டறையில் விட்டு ரிங் மாற்றியிருப்பார். அண்ணன் எஞ்சினையே மாற்ற முடிவு செய்தார், அதுவும் வீட்டிலேயே.

"பட்டறையில விட்டா நம்ம வண்டில அவன் தொழில் கத்துக்குவான். நாம எப்பக் கத்துக்கறது?"

அண்ணிக்கு இதற்குப் பதில் தெரியும். சொல்லவில்லை.

இந்த ஜாதி ஆட்கள் ராமாபுரத்தில் மட்டும் இல்லை. பொள்ளாச்சியில் இருக்கிறார்கள், ஏற்காட்டில் இருக்கிறார்கள், கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுகிற சூரியநெல்லியில் தெருவுக்கு ஒருவர் இருக்கக் கூடும். கோயம்புத்தூர் உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் பழைய சாமான் கடைக்காரர்கள் இவர்களை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வேண்டியதைக் கேட்காமல், கிடப்பதையெல்லாம் தட்டிப் பார்க்கிறவர்கள் இவர்கள்தான். அண்ணனுக்குக் காசி போகும் ஆசை கிடையாது. பழைய ஜீப்புகளைப் பிரித்துப் புதிதாகக் கோத்து விற்பதற்குப் பேர்போன அரியானாவின் டப்வாலிக்கு ஒரு தடவை போய்வந்துவிட்டால் ஜன்மம் கடைத்தேறும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புது எஞ்சின் மைசூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. உடைக்கப் போட்ட கமாண்டர் ஜீப்பிலிருந்து இறக்கிய 2523 சிசி டி.ஐ., அதாவது டைரக்ட் இஞ்செக்ஷன் எஞ்சின். ஹீட்டர் தேவையில்லை, மைலேஜ் கூட. "போல்ட்டுக்கு போல்ட்டு உட்காரும்ணா" என்றார் கடைக்காரர். ஜீப் உலகத்தில் இதைவிட அதிகம் செலவு வைத்த வாக்கியம் இன்னும் பிறக்கவில்லை.

பழையதை இறக்கிய நாள், வீட்டுக்குப் பின்னால் புளியமரக் கிளையில் செயின் பிளாக் தொங்கியது. ஊரில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள், கை கொடுக்க இருவர், யோசனை சொல்ல மீதிப் பேர். எஞ்சின் ஒரு சாண் மேலே எழும்பியதும் கிளை முனகியது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அண்ணன் மட்டும் எஞ்சினுக்கு அடியில் தலையை விட்டு, "ஒரு ஒயரு மாட்டிட்டிருக்குது" என்றார். அண்ணி அடுப்படியிலிருந்தே கேட்டார்: "ஏனுங்க, இன்ஷூரன்ஸ் வண்டிக்கு மட்டுந்தானுங்களா?"

இறக்குவது சுலபம், ஏற்றுவதில்தான் ஆளின் குணம் தெரியும். கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பல் வெட்டிய ஷாஃப்ட், கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள பல்லுக்குள் நுழைய வேண்டும். இதற்காகப் பிளேட்டை நடுவில் நிறுத்தி வைத்துத்தான் பிரஷர் பிளேட்டை முறுக்க வேண்டும். பிளேட் ஒரு நூல் விலகினாலும் எஞ்சின் முக்கால் தூரம் வந்து, பெல் ஹவுசிங்குக்கு முன்னால் இரண்டு விரற்கடை இடைவெளியில் நின்றுவிடும். அந்த இடைவெளியைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான் வரும்: நாலு போல்ட்டைப் போட்டு இறுக்கினால் தானே வந்துவிடும். அப்படி இறுக்கிக் கிளட்ச் பிளேட்டை நாசம் செய்தவர்கள் அநேகம். அண்ணன் அப்படியில்லை. மல்லாந்து படுத்து, ஒரு கண்ணை மூடி, "சொல்ப மேல… சாக்கு, போதும்… டேய், பின்னாடி டாப் கியரைப் போட்டு ஷாஃப்ட்டத் திருப்புடா" என்று தம்பியிடம் சொன்னார். அவன் திருப்பத் திருப்ப, பல்லோடு பல் சேர்ந்து 'க்ளக்' என்று எஞ்சின் உள்ளே போனது. அந்தச் சத்தத்துக்கு அண்ணன் முகத்தில் வந்த களை, அண்ணி சொல்கிறார், முதல் பிள்ளை பிறந்த அன்றுகூட வரவில்லையாம்.

பிறகு மவுண்டிங் உட்காரவில்லை. வெல்டிங் பட்டறை. ஃபேன் ரேடியேட்டரை உரசியது. ரேடியேட்டரை முன்னால் தள்ளினார். சைலன்சர் பைப்பை வெட்டினார். கடைசியில் ஏர் கிளீனர் பானெட்டை முட்டியது. பானெட் மூடவில்லை.

இங்கேதான் அண்ணனின் படிப்பு வெளியே வந்தது. "1953-லயே வில்லிஸ் கம்பெனிக்கு இதே பிரச்சனை. ஹரிக்கேன் எஞ்சின்ல இன்டேக் வால்வு தலைக்கு மேல. எஞ்சின் உயரமாயிடுச்சு. என்ன பண்ணினான்? எஞ்சினையா வெட்டினான்? பானெட்டத் தூக்கினான்!" உண்மைதான். சி.ஜே. 3பி என்கிற அந்த மேடு கட்டிய ஜீப்பைத்தான் மகிந்திரா நம் நாட்டில் வருஷக்கணக்கில் செய்து விற்றது. அமெரிக்காக்காரனே தூக்கிய பானெட்டை ராமாபுரத்தில் தூக்கினால் என்ன தப்பு என்று அண்ணன் பானெட்டுக்கு அடியில் இரண்டு மரக்கட்டைகளை வைத்தார். இன்றுவரை கட்டைதான்.

சட்டமும் அவருக்கு அத்துப்படி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி சொன்னதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. எஞ்சின் மாற்றுவதென்றால் முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி. இதையெல்லாம் டீக்கடையில் அவர் விளக்கும்போது வக்கீல்கூட வாய் பிளப்பார். மனு எழுதி வைத்திருக்கிறார். கொடுக்கத்தான் இல்லை. அதனால் வண்டி பாலாறு செக்போஸ்ட் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை.

ஸ்டார்ட் ஆன நாளைச் சொல்லாமல் விட முடியாது. சாவி திருகினார், செல்ஃப் சுற்றியது, எஞ்சின் எடுக்கவில்லை. டீசல் வண்டியில் லைனில் காற்று புகுந்தால் ஆண்டவனே வந்தாலும் எடுக்காது. ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் பீச்சும்வரை சுற்ற வேண்டும். பீச்சியது. அண்ணன் மூஞ்சியில் பீச்சியது. துடைக்காமலே நட்டை இறுக்கினார். 'டக டக டக'வென்று டி.ஐ. பிடித்துக்கொண்டதும் புளியமரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. மலைக்குப் போகவில்லை. அனூர் வரை போய்த் திரும்பினார், "என்னமோ நடுங்குது" என்று.

இதற்குள் பழைய பியூஜோவை இரும்பு விலைக்கு அண்ணியின் தம்பி எடுத்துப் போயிருந்தார். ரிங் மாற்றி, நாசிலைச் சரிபார்த்து, கிணற்று மேட்டில் பம்போடு பூட்டினார். மஞ்சள் வயலுக்குத் தினமும் தண்ணீர் பாய்கிறது. புகையும் இல்லை, நடுக்கமும் இல்லை. அண்ணன் ஒரு நாள் அங்கே போய் வரப்பில் உட்கார்ந்து, கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார்.

"மாப்ளே, இதை எனக்கே குடுத்துடு."

"எடுத்துக்கோங்க மாமா. அந்த டி.ஐ.யக் கொண்டாந்து இங்க பூட்டிக் குடுத்துடுங்க."

அன்று சாயங்காலமே செயின் பிளாக் கேட்டு ஆள் போயிற்று. புளியமரத்துக் கிளையை வெட்ட அண்ணியும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.