நேமிக் காட்டில் ஒரு காலிப் பணியிடம்

வேலைக்கு ஆள் தேவை. பதவி: பூசாரி, கூடவே ராஜா பட்டம் இலவசம். இடம்: ரோமிலிருந்து தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர், ஏரிக்கரைக் காடு. தகுதி: எஜமானிடமிருந்து தப்பி ஓடி வந்த அடிமையாக இருக்க வேண்டும். முன்னனுபவம் தேவையில்லை. தேர்வு முறை: தற்போது பதவியில் இருப்பவரைக் கொல்லுதல். ஓய்வு வயது: அடுத்த விண்ணப்பதாரர் வரும்வரை.

விளம்பரம் என் கற்பனை. வேலை நிஜம். நேமி ஏரிக்கரையில் டயானா தேவியின் கோயில்காட்டில் நூற்றாண்டுக் கணக்காக இந்த வேலை இருந்தது, ஆளும் கிடைத்துக்கொண்டே இருந்தது. அந்தப் பணியிடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாமே என்றுதான் கிளம்பினேன். ரோமில் மெட்ரோ பாதை முடியும் அனாஞ்ஞினாவில் இறங்கி ஒரு பேருந்து, ஜென்சானோவில் மாறி இன்னொரு பேருந்து. இரண்டாவதற்காக முக்கால் மணி நேரம் நின்றபோது, இத்தாலியும் நம்ம ஊர் மாதிரிதான் என்று மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

இந்த வட்டாரம் முழுக்கத் தூங்கும் எரிமலை. எரிமலை வாய்களில் இரண்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது: பெரியது அல்பானோ, சின்னது நேமி. சுற்றிலும் மலைச்சரிவு, சரிவெல்லாம் செஸ்ட்நட் காடு. 1984-இல் இதையெல்லாம் சேர்த்து ‘காஸ்டெல்லி ரோமானி’ இயற்கைப் பூங்கா என்று அறிவித்தார்கள். பூங்கா என்றதும் ஊஞ்சலையும் சறுக்கு மரத்தையும் எதிர்பார்த்து வராதீர்கள். இது மலை, காடு, ஏரி, ஊர்கள், போப்பாண்டவரின் கோடை மாளிகை இருக்கும் காஸ்டெல் கண்டோல்ஃபோ எல்லாம் சேர்ந்த பெரிய வட்டாரம். இதில் நேமி என்பது சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் ஊர், ஏரிக்கு மேலே பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஏரி வட்டமாக, அசைவில்லாமல் கிடக்கும். ‘டயானாவின் கண்ணாடி’ என்று பழைய பெயர். பெரும்பாலான நாளில் கண்ணாடி கொஞ்சம் கலங்கல்.

பூசாரி கதைக்கு வருவோம். காட்டில் ஒரு மரம். அதிலிருந்து ஒரு கிளையை ஒடித்துவிட்டால், ஓடி வந்த அடிமைக்குப் பூசாரியோடு கத்திச் சண்டை போடும் உரிமை வந்துவிடும். ஜெயித்தால் அவன்தான் புது ‘ரெக்ஸ் நெமோரென்சிஸ்’, அதாவது காட்டு ராஜா. தோற்றால் பாடையும் கிடையாது. ஸ்ட்ராபோ என்ற பழைய புவியியலாளர் இந்த ராஜாவைப் பற்றி எழுதியிருக்கிறார்: கையில் எப்போதும் உருவிய வாளாம், கண் நாலாபக்கமும் சுழன்றுகொண்டே இருக்குமாம். இருக்காதா பின்னே? மரத்தில் அணில் ஏறினாலும் அவருக்குப் பகீரென்றுதானே இருந்திருக்கும்! பிரதோஷம், அபிஷேகம் எல்லாம் அவர் எங்கே பார்த்தார். மரத்தைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்திருக்கும். நான் மட்டும் அந்த இடத்தில் இருந்திருந்தால் முதல் நாள் செய்யும் வேலை அந்த மரத்தை வேரோடு வெட்டுவதுதான். ஒருவருக்கும் இந்த யோசனை தோன்றவில்லை. வாள் பிடிக்கத் தெரிந்தவர்களை மட்டுமே தேர்ந்தெடுத்தால் இப்படித்தான்.

எந்த மரம் அது என்று நானும் காட்டில் சுற்றினேன். இன்று கண்ணில் படுவதெல்லாம் செஸ்ட்நட்தான். காலடியில் முள்ளுக்காய் கிழிந்து பழுப்புக் கொட்டை எட்டிப் பார்க்கிறது. ஒரு கிளை கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன்.

கீழே ஏரிக்கரையில் கோயில் இருந்த இடம். மாடக்குழிகளோடு ஒரு நீண்ட சுவர், புல், பக்கத்தில் காய்கறியும் பழமும் விளையும் கொட்டகைகள். அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஆகஸ்டு 13 அன்று ரோமிலிருந்து பெண்கள் தலையில் மாலையும் கையில் தீவட்டியுமாக இங்கே வருவார்களாம். பிள்ளை வரம், சுகப்பிரசவம், கால்வலி என்று ஆளுக்கொரு வேண்டுதல். நாம் கண்மலர் சாத்துவதுபோல அவர்கள் சுட்ட மண்ணில் கை, கால், கருப்பை என்று செய்து வைத்தார்கள். 1885-இல் இங்கே தோண்டிய பிரிட்டிஷ் தூதர் சாவில், தன் பங்குக்குக் கிடைத்ததை நாட்டிங்ஹாம் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். நில உரிமையாளரோடு பேசிப் பிரித்துக்கொண்டதுதான், குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் ராபின் ஹூட் ஊருக்கே போய்ச் சேர்ந்ததைப் பார்த்தால் பொருளுக்கும் ஒரு விதி உண்டு போலிருக்கிறது. இன்னும் சில சிலைகள் கோபன்ஹேகனில். நேமிக்கு வந்து டயானாவைக் கேட்டால், “வெளிநாட்டில் செட்டில் ஆகிவிட்டாள்” என்று சொல்ல வேண்டிய நிலைமை.

இந்தக் கோயிலில் குதிரைக்கு அனுமதி கிடையாது. காரணம் ஹிப்போலிட்டஸ். சித்தி காதலிக்கிறாள், பையன் மறுக்கிறான், அப்பா சாபம் கொடுக்கிறார், குதிரைகள் மிரண்டு அவனை இழுத்துக் கொன்றுவிடுகின்றன. மெகா சீரியல் கதை. நியாயமாக அங்கே முடிந்திருக்க வேண்டும். டயானா விடவில்லை. வைத்தியர் அஸ்கிளேபியஸைப் பிடித்து உயிர் கொடுக்க வைத்து, விர்பியஸ் என்று பெயரை மாற்றி, இந்தக் காட்டில் ஒளித்து வைத்தாள். செத்தவனுக்கு ஆள்மாறாட்டத்தில் புது அடையாள அட்டை. பாவம், பழைய ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்றுதான் குதிரைக்குத் தடை.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் குதிரைமேல் உயிரையே வைத்திருந்த ஒரு ஆசாமி வந்து சேர்ந்தான். பெயர் கலிகுலா, கி.பி. 37 முதல் 41 வரை ரோமின் சக்கரவர்த்தி. ‘கலிகுலா’ என்றால் குட்டி பூட்ஸ். அப்பாவின் படைமுகாமில் சின்ன வயதில் குட்டிச் செருப்பு போட்டுத் திரிந்ததால் சிப்பாய்கள் வைத்த செல்லப் பெயர். இன்சிடாட்டஸ் என்ற தன் குதிரைக்குப் பளிங்கில் லாயம், தந்தத்தில் தீனித்தொட்டி செய்து கொடுத்தான். அதைக் கான்சல் என்ற உயர்பதவியில் உட்காரவைக்கவும் நினைத்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் சுவடோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். சுவடோனியஸ் கொஞ்சம் கிசுகிசுப் பேர்வழி. ஆனாலும் அவர் இல்லாவிட்டால் ரோம வரலாறு சப்பென்று இருக்கும்.

அதே சுவடோனியஸ்தான் இதையும் சொல்கிறார்: நேமியின் காட்டு ராஜா பல வருஷமாகச் சாகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த கலிகுலா, அவரைவிடப் பலசாலியான ஒருவனைப் போட்டிக்கு அனுப்பினான். நாற்காலியில் ஒருவன் நீண்ட நாள் இருப்பது இன்னொரு நாற்காலிக்காரனுக்கு எவ்வளவு உறுத்துகிறது பாருங்கள்! கலிகுலா மட்டும் என்ன, 41 ஜனவரியில் அவனுடைய சொந்தக் காவல்படை ஆட்களே அவனைக் குத்திப் போட்டார்கள். கிளை ஒடிக்கும் சம்பிரதாயம்கூட இல்லாமல்.

போவதற்குள் ஒரு காரியம் செய்துவிட்டுப் போனான். இந்த ஏரியில் இரண்டு கப்பல்கள் கட்டினான். ஒவ்வொன்றும் 70 மீட்டருக்கு மேல் நீளம். ஏரியின் மொத்தப் பரப்பே 1.67 சதுர கிலோமீட்டர்! தெப்பக்குளத்தில் சரக்குக் கப்பலை இறக்கிய மாதிரி. எங்கிருந்து எங்கே போவதற்கு? எங்கேயும் இல்லை. மிதக்கும் அரண்மனை: பளிங்குத் தளம், வெண்கலச் சிங்க முகம், ஓநாய் முகம், ஈயக் குழாயில் வரும் தண்ணீர். அந்த ஈயக் குழாயில் தன் பெயரைப் பொறித்தும் வைத்திருந்தான். நாம் திருமணத்துக்குத் தரும் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுகிறோமே, அது மாதிரி. பிற்காலத்தில் கப்பல் யாருடையது என்று அறிஞர்கள் குழம்பியபோது வழக்கைத் தீர்த்தது அந்தக் குழாய்தான். ஆகவே குடத்தில் பெயர் வெட்டுவதைக் கேலி செய்யாதீர்கள்.

அவன் செத்ததும் கப்பல்கள் ஏரியடிக்குப் போயின. அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டுக்கு மேல் மீனவர்களின் வலை சிக்கிக் கிழிந்தது. 1446-இல் கர்தினால் கொலொன்னா, ஆல்பர்ட்டி என்ற சகலகலா வல்லவரை வரவழைத்தார். ஜெனோவாவிலிருந்து முத்துக்குளிப்பவர்கள் மாதிரி மூழ்கும் ஆட்கள், காலிப் பீப்பாய்களின் மேல் கட்டிய மிதவை, கொக்கி, கயிறு. இழுத்தார்கள். கப்பலுக்குப் பதிலாகப் பலகை வந்தது.

1535-இல் வந்த டி மார்க்கி எனக்குப் பிடித்தமானவர். இடுப்புவரை மறைக்கும் ஒரு மரக்கூண்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முகத்துக்கு நேரே கண்ணாடித் துண்டு வைத்து, நீருக்குள் இறங்கினார். கூண்டுக்குள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துப் போனார். கால்சட்டை மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. ரொட்டித் துகள் கீழே உதிர, குட்டி மீன்கள் மொய்த்துக்கொண்டு, துகள் இல்லாத இடத்திலும் கொத்தத் தொடங்கின. இதை மறைக்காமல் தன் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். கடலாராய்ச்சி வரலாற்றில் இவ்வளவு நேர்மையான மனிதர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடைசியில் வந்தவர் முசோலினி. சக்கரவர்த்திகளின் வாரிசு என்று தன்னை நினைத்துக்கொண்டவர், கலிகுலாவின் கப்பலை விடுவாரா? கப்பலை ஏரியிலிருந்து எடுக்க முடியவில்லையா, ஏரியைக் கப்பலிலிருந்து எடு! 1928 அக்டோபரில் பம்புகள் ஓடத் தொடங்கின. தண்ணீர் வெளியே போனது, ரோமானியர்கள் அந்தக் காலத்திலேயே மலையைக் குடைந்து வெட்டிவைத்த வடிகால் சுரங்கம் வழியாக. நீளம் 1,600 மீட்டருக்கு மேல். சர்வாதிகாரியின் மாபெரும் சாதனையில் பாதி வேலையைப் பெயர் தெரியாத கூலியாட்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே முடித்திருந்தார்கள். 1929 மார்ச் மாதம் முதல் கப்பல் தலைகாட்டியது. 1931-இல் ஏரியடிச் சேறு திடீரென்று சரிந்து பயமுறுத்தியது. 1932-இல் இரண்டும் கரையேறிவிட்டன. வெண்கல உருண்டைகள்மேல் சுழலும் மேடை, பிஸ்டன் பம்பு, பிற்காலத்தில் யாரோ புதிதாய்க் கண்டுபிடித்ததாக நினைத்த வகை நங்கூரம் என்று பொறியாளர்கள் வாய்பிளந்தார்கள்.

கப்பல்களுக்காகவே கரையில் கான்கிரீட்டில் ஒரு அருங்காட்சியகம் எழும்பியது. 1944 மே 31 இரவு அதற்குள் தீ. கட்டடம் நின்றது, கப்பல்கள் சாம்பல். பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியச் சிப்பாய்கள் வைத்த தீ என்றது இத்தாலிய விசாரணைக் குழு. அமெரிக்கக் குண்டு விழுந்தது என்பார் சிலர். பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. 1,900 ஆண்டு சேற்றில் பத்திரமாக இருந்தவை, மனிதர்கள் பாதுகாப்பில் பன்னிரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தன. முசோலினியை மறு ஆண்டு ஏப்ரலில் சுட்டுக் கொன்றார்கள். நேமிக் கணக்கில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

முசோலினி காலத்துக்கு முன்பே ஸ்காட்லாந்துக்காரர் ஃப்ரேசர், அந்தக் காட்டுப் பூசாரியை ஏன் கொன்றார்கள் என்று விளக்க ‘தங்கக் கிளை’ என்ற புத்தகம் எழுதினார். 1890-இல் இரண்டு தொகுதி. மூன்றாம் பதிப்பில் பன்னிரண்டு. ஒரு கொலை வழக்குக்கு இவ்வளவு நீளமான குற்றப்பத்திரிகை எந்தக் காவல் நிலையத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். அதில் ஆரம்பத்திலேயே அவர் கொண்டாடும் டர்னரின் ஓவியத்தில் இருப்பது நேமி ஏரியே இல்லை, நேப்பிள்ஸ் பக்கத்து அவெர்னோ ஏரி. முதல் பக்கத்திலேயே சம்பவ இடம் தவறு. வக்கீல் யாராவது இருந்திருந்தால் கேஸ் தள்ளுபடி.

அருங்காட்சியகம் 1953-இல் மறுபடி திறந்தது. கப்பல் நின்ற கூடத்தில் இப்போது ஐந்தில் ஒரு பங்கு அளவில் இரண்டு மாதிரிகள். கூடம் பெரிது, பொம்மை சின்னது. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி இருக்கிறது. என்னை நிறுத்தியது வேறு ஒன்று: பச்சையும் கருஞ்சிவப்புமாகக் கல் பதித்த ஒரு சதுரம், கலிகுலாவின் கப்பல் தரையிலிருந்து வந்தது. எப்படியோ நியூயார்க் போய், ஒரு வீட்டின் வரவேற்பறையில் சுமார் 45 ஆண்டு காபி மேஜையாக இருந்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கியதுதான் என்றார்கள் அந்த வீட்டார். 2017-இல் அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள், 2021-இல் இங்கே வந்து சேர்ந்தது. குனிந்து கோப்பைத் தடம் தேடினேன். காவலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வாள் மட்டும்தான் இல்லை.

காபி வேண்டுமென்றால் மேட்டில் ஏறி ஊருக்குள்தான் போக வேண்டும். அங்கே சுண்டுவிரல் நகம் அளவில் காட்டு ஸ்ட்ராபெரிப் பழம் கிண்ணத்தில் விற்கிறார்கள். எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துத் தருவார்கள், வாங்கிவிடுங்கள். ஜூன் மாதம் முதல் ஞாயிறு ஸ்ட்ராபெரித் திருவிழா. அன்று பேருந்தை நம்பாதீர்கள். சனிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.