கூப்பர்ஸ்டவுனுக்குள்ள போக வழி

பேராண்டி, லீவுக்கு வந்த இடத்துலயும் உனக்கும் உன் நியூஜெர்சி கூட்டாளிகளுக்கும் போன்ல ஒரே மல்லுக்கட்டு. பேரி பாண்ட்ஸை பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ள விடணுமா, விடக்கூடாதா? பீட் ரோஸ்தான் செத்துட்டாரே, இனிமேலாவது கதவு தொறக்குமா? நீ ஹோம் ரன் கணக்கு சொல்லுதே, அவன் ஊக்கமருந்துங்கான், இன்னொருத்தன் ஒழுக்கம்ங்கான். கிழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியப்போகுதுன்னு என் காதுகிட்டயே உக்காந்து கத்துதீங்க. சரி, தெரியாதவன் சொல்லுதேன், கேட்டுக்கோ. வயசானவன் யோசனைக்கு வெலை கிடையாது. அதனாலதான் ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான்.

முதல்ல அந்தக் கூடம் எந்த ஊர்ல இருக்குன்னு பாரு. நியூயார்க் மாநிலத்துல, ஏரிக்கரையில, கூப்பர்ஸ்டவுன்னு ஒரு சின்ன ஊர். வேற எடமே இல்லையா? காரணம் இருக்கு. 1839-ல ஆப்னர் டபுள்டேங்கிற மனுசர் அந்த ஊர்லதான் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சாருன்னு 1907-ல ஒரு கமிஷன் தீர்ப்பு சொல்லிருச்சு. சாட்சி யாருங்கே? கிரேவ்ஸ்னு ஒரு கிழவர் எழுதின கடுதாசி. சம்பவம் நடந்ததாச் சொன்ன வருஷத்துல அவருக்கு வயசு அஞ்சு. டபுள்டே அந்த வருஷம் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில படிச்சுக்கிட்டு இருந்தார். பின்னால உள்நாட்டுப் போர்ல தளபதியா இருந்து, 1893-ல போய்ச் சேர்ந்தார். கண்ணை மூடுதவரைக்கும் பேஸ்பாலை நான்தான் கண்டுபிடிச்சேன்னு அந்த மனுசர் மூச்சு விட்டதில்ல.

ஆனாலும் பாரு, தையல் மெஷின் சிங்கர் இருக்கே, அந்தக் கம்பெனிச் சொத்துல வந்த பணக்காரர் ஸ்டீபன் கிளார்க்குக்குக் கூப்பர்ஸ்டவுன்தான் ஊர். ஊருக்கு நாலு பேர் வந்து போகணுமேன்னு கவலை அவருக்கு. பக்கத்துப் பண்ணை வீட்டு டிரங்குப் பெட்டியில கிடந்த ஒரு பழம்பந்தை அஞ்சு டாலருக்கு வாங்கி, இதுதான் டபுள்டே காலத்துப் பந்துன்னு கண்ணாடிக்குள்ள வச்சார். நூறாவது வருஷக் கொண்டாட்டம்னு 1939 ஜூன் 12-ல கூடத்தைத் தொறந்தாச்சு. இதுல உச்சம் என்ன தெரியுமா? யாரு பேரைச் சொல்லி அந்த ஊர்ல கூடத்தைக் கட்டினாங்களோ, அந்த டபுள்டேயை இன்னைக்கு வரைக்கும் உள்ள சேர்க்கலை. பொய்யில வாணம் தோண்டி எழுப்பின கட்டடத்து வாசல்ல நின்னுக்கிட்டு, இவன் யோக்கியனா அவன் யோக்கியனான்னு கேக்குதீங்களே, உங்களுக்கு ரொம்பத்தான் துணிச்சல்.

சட்டம் லேசுதான். 10 சீசன் ஆடியிருக்கணும். ஓய்வு பெற்று 5 வருஷம் ஆயிருக்கணும். பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்துல 10 வருஷம் தொடர்ந்து இருந்த பத்திரிகைக்காரங்க ஓட்டுப் போடுவாங்க. நூத்துக்கு 75 கிடைச்சா உள்ளே. 5-க்குக் கீழ போனா மறு வருஷம் சீட்டுல பேர் இருக்காது. அதிகபட்சம் 10 வருஷம் நின்னு பாக்கலாம். முந்தி 15 வருஷமா இருந்துச்சு, 2014-ல குறைச்சுட்டாங்க.

இந்தப் பத்திரிகைக்காரங்க சாமானியப்பட்டவங்க இல்லடே. 1936-ல முதல் ஓட்டு. டை காப் 226-ல 222 வாங்கினார். பேப் ரூத்துக்கு 215. அதாவது பேப் ரூத் தகுதி இல்லாத ஆளுன்னு 11 பேர் நெனைச்சிருக்காங்க. 511 ஆட்டம் ஜெயிச்ச பிட்சர் சை யங்குக்கு அந்த வருஷம் பாதி ஓட்டுகூட விழலை, அடுத்த வருஷம்தான் போனார். இன்னைக்குச் சிறந்த பிட்சருக்குக் கொடுக்குத விருதுக்கே அவர் பேர்தான். 1979-ல வில்லி மேஸை 23 பேர் விட்டுட்டாங்க. 755 ஹோம் ரன் அடிச்ச ஹாங்க் ஆரனை 1982-ல 9 பேர் விட்டுட்டாங்க. ஒருத்தன்கூட வேண்டாம்னு சொல்லாம உள்ள போனது 2019-ல மரியானோ ரிவேரா மட்டும்தான், 425-க்கு 425. ஜப்பான்காரர் இச்சிரோவுக்கு 2025-ல ஒரே ஒரு ஓட்டு விழலை. யாருன்னு தெரியலை. அவர் என்ன செஞ்சார்? அந்த ஆளு வீட்டுக்கு வரட்டும், சேர்ந்து ஒரு வாய் குடிப்போம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். அதுக்குப் பேருதான் வளர்ப்பு.

ஆக, உன் கூட்டாளி எவனாவது நாளைக்குப் பெரிய ஆட்டக்காரனா வந்தா, அவனுக்கு நான் சொல்லுத முதல் யோசனை: பேனா பிடிச்சவனைப் பகைச்சுக்காதே. கர்ட் ஷில்லிங்னு ஒரு பிட்சர். 2004-ல காலுறையில ரத்தம் கசியக் கசிய பந்து போட்டு பாஸ்டனை ஜெயிக்க வச்சவர். 2016-ல, பத்திரிகைக்காரங்களைத் தூக்குல தொங்கவிடணும்னு அச்சடிச்ச ஒரு சட்டைப் படத்தைப் பார்த்துட்டு ஆகா அருமைன்னு ட்விட்டர்ல போட்டார். ஓட்டுப் போடப் போறது யாரு? அதே பத்திரிகைக்காரங்க! 2021-ல 71.1 சதவீதம் வரைக்கும் வந்து, 16 ஓட்டு குறைஞ்சு நின்னு போச்சு. கோவத்துல, என் பேரைச் சீட்டுல இருந்தே எடுத்துருங்கன்னார். அவங்க எடுக்கலை. அடுத்த வருஷம் 58.6-க்கு இறக்கிவிட்டுட்டாங்க. வாய் இருக்கே, அதுக்கு எந்தக் கையுறையும் கிடையாது.

ரெண்டாவது, ஏமாத்தணும்னா சிரிச்ச முகமா ஏமாத்து. கேலார்ட் பெர்ரி பந்துல எச்சியும் எண்ணெயும் தடவி வீசுனவர். அது சட்டப்படி தப்பு. ஆட்டத்துல இருக்கும்போதே, 1974-ல, அதையே ‘மீ அண்ட் தி ஸ்பிட்டர்’னு புஸ்தகமாப் போட்டார். இதுக்காகக் களத்தை விட்டு வெளிய அனுப்பப்பட்டது 1982-ல, கிட்டத்தட்ட ஆட்டமே முடியப்போற காலத்துல. 314 வெற்றி, 1991-ல ஜம்முனு உள்ள போயிட்டார். ஊரே சிரிச்சுது. பாண்ட்ஸுக்குச் சிரிக்கத் தெரியலை. 762 ஹோம் ரன், 7 தடவை சிறந்த ஆட்டக்காரர் பட்டம், இவருக்கு மேல ஒருத்தன் கிடையாது. ஊக்கமருந்து பேச்சு வந்துச்சு, தெரிஞ்சு எடுக்கலைன்னார். மூஞ்சியை உம்முன்னு வச்சுக்கிட்டார். 2022-ல கடைசி வாய்ப்பு, 66 சதவீதத்துல நின்னுது. 354 ஆட்டம் ஜெயிச்ச ராஜர் கிளெமன்ஸுக்கும் அதே வருஷம், அதே கதி. அதே ஓட்டுல டேவிட் ஆர்ட்டிஸ் முதல் தடவையிலேயே 77.9 வாங்கிப் போயிட்டார். 2003-ல ரகசியமா நடத்துன மருந்துச் சோதனைப் பட்டியல்ல அவர் பேரும் இருந்துச்சுன்னு 2009-ல நியூயார்க் டைம்ஸ் எழுதியிருந்துச்சு. நான் எடுக்கலைன்னார் அவரு. அந்த முடிவுலயே சந்தேகம் இருக்குன்னார் பின்னால வந்த கமிஷனர் மேன்ஃபிரட். இருக்கலாம், நான் மறுக்கலை. ஆனா ஆர்ட்டிஸ் சிரிச்சா பாஸ்டனே சிரிக்கும், அதையும் கணக்குல சேர்த்துக்கோ.

இந்த மருந்துக் கூத்து முழுக்க நடந்தப்ப கமிஷனரா இருந்தவர் பட் செலிக். பயிரை மாடு மேய்ஞ்ச காலத்துல பரண்ல காவலுக்கு உக்காந்திருந்த ஆளு. 2017-ல அவருக்கு மாலை போட்டு உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க, 16-க்கு 15 ஓட்டு. மாடு மட்டும் வெளியே கட்டிக் கிடக்கு.

அந்தப் பதினாறு பேர் யாருன்னு கேக்குதியா? அதுதான் பின்வாசல். எழுத்தாளருங்க கைவிட்டவங்களைத் திரும்பப் பார்க்க 16 பேர் கொண்ட குழு ஒண்ணு உண்டு. 12 ஓட்டு வேணும். இங்கதான் என் முக்கியமான யோசனை இருக்கு: உள்ள உக்காந்திருக்கவன் உன் பழைய மேனேஜரா இருந்தா ஆகாதது ஒண்ணுமில்ல. ஹெரால்ட் பெய்ன்ஸ் நல்ல ஆட்டக்காரர், 2,866 ஹிட். எழுத்தாளருங்ககிட்ட அவர் வாங்கின உச்சமே 6.1 சதவீதம். 2018-ல குழு கூடுச்சு. உள்ள யாருன்னு பாத்தா, அவருக்கு மேனேஜரா இருந்த டோனி லா ரூசா, அவர் ஆடுன ஒயிட் சாக்ஸ் முதலாளி ஜெரி ரைன்ஸ்டார்ஃப். சரியா 12 ஓட்டு. பெய்ன்ஸே திகைச்சுப் போயிட்டார். இது புதுப் பழக்கமும் இல்ல. 1970 வாக்குல ஃபிரான்கி ஃபிரிஷ் குழுவுல இருந்தப்ப, அவரோட ஆடின பழைய தோஸ்துங்க ஒவ்வொருத்தரா உள்ள வந்து சேர்ந்தாங்க. கல்யாணப் பந்தியில பரிமாறுதவன் தெரிஞ்சவனா இருக்கணும்னு நம்ம ஊர்ல சொல்லுதது சும்மாவா?

2025 டிசம்பர்ல நடந்தது அதைவிட ருசி. பாண்ட்ஸும் ஜெஃப் கென்ட்டும் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ்ல ஒண்ணா ஆடினவங்க. ஒத்துக்காது. 2002-ல ஆட்டம் நடக்கும்போதே, ஆட்டக்காரங்க உக்காருத எடத்துல ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கிட்டாங்க, டிவியில ஊரே பாத்துது. ரெண்டு பேர் பேரும் ஒரே குழு முன்னால வந்துச்சு. கென்ட்டுக்கு 14 ஓட்டு, உள்ளே. பாண்ட்ஸுக்கு அஞ்சுகூட இல்லை. அஞ்சு வாங்காதவன் அடுத்த சுத்துல பேர் குடுக்க முடியாதுன்னு புதுச் சட்டம் வேற. பாண்ட்ஸுக்கு நான் என்ன யோசனை சொல்ல? கென்ட்டுக்கு ஒரு வாழ்த்துக் கடுதாசி போடச் சொல்லுதேன். நாளைக்கு அவரும் அந்தக் குழுவுல உக்காரலாம்.

ஒழுக்கம்னு கத்துதானே உன் கூட்டாளி, அவன்கிட்ட இதைக் கேளு. ஓட்டுப் போடுதவங்க நேர்மையையும் குணத்தையும் பாக்கணும்னு விதியில எழுதியிருக்கு, வாஸ்தவம். டை காப் 1912-ல கூட்டத்துக்குள்ள ஏறிப் போய், கேலி பண்ணினவனைப் போட்டு மிதிச்சார். அந்த ஆளுக்கு ஒரு கையே இல்லை, இன்னொரு கையில சில விரல்கள் இல்லை. கேப் ஆன்சன், கறுப்பர் இருந்தா களத்துல இறங்க மாட்டேன்னு நின்னவர். அவரை 1939-லயே உள்ள வச்சாச்சு. ஆன்சன் காலத்துல இருந்தே கறுப்பர்களைப் பெரிய லீக்குல ஜாக்கி ராபின்சன் வருத வரைக்கும், 1947 வரைக்கும், வாசல்படி மிதிக்க விடலை. அந்தக் காலத்து எல்லாச் சாதனையும் பாதி ஊரை வெளிய நிறுத்திட்டு அடிச்ச சாதனைதான். மருந்து சாப்பிட்டு அடிச்சது மட்டும்தான் அழுக்குன்னா, இதுக்கு என்ன பேருடே?

பீட் ரோஸ் கதைக்கு வா. 4,256 ஹிட், அவரை யாரும் தாண்டலை. தான் மேனேஜரா இருந்த ஆட்டத்துலயே பந்தயம் கட்டினார்னு 1989-ல விலக்கினாங்க. 15 வருஷம் இல்லவே இல்லைன்னு சாதிச்சுட்டு, 2004-ல புஸ்தகம் போட்டு ஆமான்னார். விருது விழாவுக்குக் கூப்பர்ஸ்டவுன்ல கூட்டம் கூடும்போது அவரும் அங்க போய், கூடத்துக்கு வெளிய மெயின் ஸ்ட்ரீட் கடையில உக்காந்து கையெழுத்துப் போட்டு வித்துக்கிட்டு இருப்பார். 2024 செப்டம்பர் 30-ல செத்தார். 2025 மே மாசம் கமிஷனர் மேன்ஃபிரட், செத்தவனுக்குத் தண்டனை தேவையில்லைன்னு விலக்கை எடுத்துட்டார். அவரை மாதிரியே விலக்கப்பட்டு 1951-ல செத்த பழைய ஆட்டக்காரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனுக்கும் சேர்த்து. அதுக்குள்ள ஜாக்சன் செத்து 73 வருஷம். எழுதப் படிக்கத் தெரியாத மனுசர். தெரிஞ்சிருந்தாலும் இந்த உத்தரவைப் படிக்க ஆளில்லை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னும்பாங்க. இங்க இறந்தாதான் ஆயிரம் பொன். டிக் ஆலன்னு ஒரு ஆட்டக்காரர் இந்தப் பின்வாசல்ல 2014-ல ஒரு ஓட்டுல தோத்தார், 2020-ல செத்தார், 2021-ல மறுபடி ஒரு ஓட்டுல தோத்தார், 2024-ல ஜெயிச்சார். கூடவே தேர்வான டேவ் பார்க்கர் உயிரோடதான் இருந்தார். 2025 ஜூலை விழாவுக்கு ஒரு மாசம் இருக்கும்போது போயிட்டார்.

இதுல கேலி பண்ண எனக்கே மனசு வராத ஆளு ஒருத்தர் உண்டு. பக் ஓ'நீல். கறுப்பர் லீக்குல ஆடி, மேனேஜரா இருந்து, அந்த மறந்துபோன ஆட்டக்காரங்க கதையை ஊர் ஊராச் சொல்லிக்கிட்டு அலைஞ்சவர். 2006-ல கறுப்பர் லீக்கைச் சேர்ந்த 17 பேரை ஒரே மொத்தமா எடுத்தாங்க. 94 வயசுக்காரர் இவர் பேரை விட்டுட்டாங்க. அந்த 17 பேர்ல ஒருத்தர்கூட உயிரோட இல்லை. விழாவுல அவங்க சார்பாப் பேசுதது யாருன்னு வந்தப்ப, இவரைத்தான் கூப்பிட்டாங்க. போனார். சிரிச்சார், பாடினார், கூட்டத்தையும் பாட வச்சார். ரெண்டு மாசத்துல செத்தார். 2021 டிசம்பர்ல எடுத்தாங்க. நீங்க விடிய விடிய பாண்ட்ஸுக்குச் சண்டை போடுதீங்க. இந்தப் பேரை ஒருத்தன் வாயிலயும் நான் கேக்கலை.

உனக்கு என் தீர்ப்பு வேணும்னா, பாண்ட்ஸை உள்ள வை. ரோஸையும் வை. வெண்கலத் தகட்டுல 762-ஐயும் எழுது, பக்கத்துலயே மருந்துப் பேச்சையும் எழுது. 4,256-ஐயும் எழுது, பந்தயத்தையும் எழுது. அதே உளியால காப் தகட்டுலயும் ரெண்டு வரி, ஆன்சன் தகட்டுலயும் ரெண்டு வரி. டபுள்டேக்கும் ஒண்ணு அடிச்சு மாட்டு, ஒண்ணுமே செய்யாத யோக்கியர்னு.

ரோஸ் பேர் 2027 டிசம்பர்லதான் குழு முன்னால வர வழி இருக்காம். அதுவரைக்கும் வார் புள்ளிவிவரம், சராசரின்னு மண்டையை உடைச்சுக்காம, அந்த 16 நாற்காலியில யாரு யாரு உக்காருதாங்கன்னு வெளிவருத பட்டியலைப் பாரு. பாத்ததும் முடிவு உனக்கே தெரிஞ்சிரும். தெரிஞ்சிருச்சேன்னு கூட்டாளிகளோட பந்தயம் மட்டும் கட்டிராதே. ரோஸ் கெட்டது அதுலதான்.