மேடை ஏறின பூனை

மொதல்ல மூக்கைச் சிந்திட்டு வா தாயி. அடுப்படி மேடையில பூனை ஏறிருச்சுன்னு சொல்றதுக்கா ராத்திரி பத்து மணிக்குப் போனைப் போட்ட? நான் என்னமோ ஏதோன்னு வேட்டியைக் கையில புடிச்சுக்கிட்டே எந்திரிச்சு ஓடியாறேன். மேடை ஏறினவன் எவனாச்சும் தானா எறங்கி நீ பாத்திருக்கியா? நம்ம ஊர்ச் சாவடியில கரண்டைப் புடுங்கினாத்தான் எறங்குவாக. உன் சாம்பப் பூனைக்கு மைக்கு ஒண்ணுதான் கொறச்சல்.

சரி, வழக்கை வாசி. தோசை மாவுச் சட்டியில மயிரு. ம். வறுத்து வச்ச மீன்ல ரெண்டு துண்டைக் காணோம். ம். சாப்பாட்டு மேசையில தட்டுக்கு நடுவுல படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. ம். அதிரச டப்பா மூடி தொறந்து கெடந்துச்சு, உள்ள நாலு அதிரசம் கொறையுது. அந்தக் கடைசி வழக்கை மட்டும் தனியா எடுத்து வையி. அப்புறமா விசாரிப்போம்.

உங்க அப்பத்தா காலத்துல இந்தப் பஞ்சாயத்தே கெடையாது. பூனை இல்லாமலா? வீட்டுக்கு மூணு திரியும். ஆனா அடுப்பு தரையில, அம்மி தரையில, அருவாமனை தரையில, சமைக்கிற மனுசியும் தரையில. திங்கிற பண்டம் மட்டும் மேல தொங்குச்சு. உத்தரத்துலயிருந்து உறி. அதுல பானை மேல பானை அடுக்கி பாலு, தயிரு, வெண்ணெ. அந்த உறியைக் கட்டுறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. செவத்துக்கும் தூணுக்கும் எட்டாம நட்ட நடுவுல தொங்கவிடணும். பூனைக்குக் கால் ஊனி எம்ப எடமிருக்கக் கூடாது. அப்படியும் தாவினா உறி ஊஞ்சலா ஆடும், பிடிமானம் கெடைக்காம அது தொப்புன்னு கீழ விழும். ரெண்டு தடவை விழுந்துட்டு, டூரிங் டாக்கீஸ்ல தரை டிக்கெட்டு வாங்கினவன் மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும். மீனு அரிஞ்சாலும் கொல்லையில சாம்பலைப் போட்டு உரசி, அங்கனயே அரிஞ்சு, தலையையும் செதிலையும் அங்கனயே எறிஞ்சிருவா உங்க அப்பத்தா. விருந்து கொல்லையிலன்னா பூனைக்கு அடுப்படியில என்ன வேலை?

நீங்க என்ன செஞ்சீக? அடுப்பைத் தூக்கி ரெண்டே முக்கால் அடி ஒசரத்துல கிரானைட்டு மேல வச்சீக. மீனை அங்கனயே அரியிறீக, பாலை அங்கனயே ஆத்துறீக, நெய்யை அங்கனயே தொறந்து வைக்கிறீக. பூனைங்கிறது தன் ஒசரத்துக்கு அஞ்சாறு மடங்கு எம்புற சீவன். உன் மேடை அதுக்கு மூணு மடங்கு சொச்சம் வருமா? நமக்கு வாசப்படி மாதிரி அதுக்கு அது. பண்டத்தை மேல ஏத்தின கையோட உறியை எறக்கிட்டீக பாரு, அங்கதான் கோளாறு. போன தீவாளிக்கு நான் பனநாருல பின்னிக் குடுத்தனே ஒரு உறி, அது எங்க இருக்கு? பால்கனியில மணிபிளாண்டு தொங்குது அதுல. படம் எடுத்து நாலு பேருக்குக் காட்டியிருக்க. போகட்டும், அந்த இலையைப் பூனை கடிச்சா வாயெல்லாம் எரிஞ்சு எச்சி ஒழுகும்னு மாட்டு டாக்டர் சொன்னாரு. செடி ஒசரத்துல இருக்கிறதும் நல்லதுதான். பாலைத்தான் அதுக்கு எட்டுற எடத்துல வச்சிருக்க.

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிராத. அடுப்புல பூனை தூங்குதுன்னா எங்க காலத்துல அந்த வீட்டுல பஞ்சம்னு அர்த்தம். வெறகு எரிஞ்சு நாளாச்சு, சாம்பலு ஆறிக் கெடக்கு, பூனை அதுல சுருண்டு படுத்திருக்குன்னா, பாக்கிறவுக சத்தமில்லாம ஒரு படி அரிசியைக் கொண்டாந்து வச்சிட்டுப் போவாக. உன் வீட்டுல பத்து நாளு இருந்தேன். மூணு ராத்திரி சோறு போன்லயே வந்துச்சு. மாப்பிள்ளை டப்பாவைப் பிரிக்கிறாரு, பூனை கரண்டு அடுப்பு மேல மல்லாந்து கெடக்குது. எங்க ஊரு ஆளு எவனாச்சும் பாத்தா, ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்ல சம்பாரிச்சும் கஞ்சிக்கு வழியில்ல போலன்னு அரிசி மூட்டையை ஏத்தி அனுப்பியிருப்பான்.

சிரிக்காத, இதுல வெனையும் இருக்கு. அது தொட்டா எரியுற அடுப்பு. உன் வெரலு எது, பூனை காலு எதுன்னு அதுக்குத் தெரியாது. கொரியா தேசத்துல சியோல் பட்டணத்துல 2019 சனவரியிலயிருந்து 2021 நவம்பருக்குள்ள 107 வீட்டுத் தீயைப் பூனைக பத்த வச்சிருக்குன்னு அந்த ஊரு தீயணைப்புக்காரவுகளே கணக்குச் சொன்னாக. முக்காவாசி இந்த மாதிரி அடுப்பை மிதிச்சுத்தான்னு சந்தேகப்பட்டாக. அதனால வேலை முடிஞ்சதும் சுவிட்சை அமத்திரு. சட்டியை அதுமேல விட்டுட்டுப் படுக்காத. மத்ததை எல்லாம் நாளைக்குக் கூட செய்யலாம், இதை இன்னைக்கே செய்யி.

இப்ப விசயத்துக்கு வாறேன். பூனை ஏன் ஏறுதுன்னு கேக்கிறியே, கூப்பிட்டது யாரு? ஞாயித்துக்கிழம கோழி வெட்டுறப்ப மாப்பிள்ளை ஒரு துண்டைத் தூக்கிப் போடுறாரு. சம்பந்தியம்மா, வாயில்லாச் சீவன்னு சொல்லிக்கிட்டே மேடையிலயே ஒரு கரண்டி பாலை ஊத்துறாக. வளந்த பூனை முக்காவாசிக்குப் பாலே செரிக்காது, அது வேற கதை. நீ மட்டும் என்னவாம்? காலையில அதை மேடையில வெரட்டு வெரட்டுன்னு வெரட்டின. சாயங்காலம் அதே மேடையில அது தலையைச் சாச்சு உக்காந்திருந்தப்ப, அச்சோ என் செல்லம்னு பதினாறு படம் எடுத்த. நான் எண்ணினேன். பத்துத் தடவை வெரட்டிட்டு ஒருதடவை ஒரு துண்டு குடுத்தாப் போதும் தாயி, அது லாட்டரிச் சீட்டு. ஒருக்கா விழுந்தவன் சாகுற வரைக்கும் வாங்குவான். தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரியைத் தடை பண்ணிட்டாக. உன் அடுப்படியில மட்டும் இன்னும் தெனமும் குலுக்கல் நடக்குது.

தண்ணி பீச்சுறதுக்கு ஒரு பாட்டிலு வச்சிருக்கியே, அதை எடுத்துத் துணிக்கு இஸ்திரி போட வச்சுக்க. நீ பீச்சிப் பீச்சி அது படிச்ச பாடம் ஒண்ணே ஒண்ணு: இவ இருக்கிறப்ப ஏறக்கூடாது. நீ ஆபீசுக்குப் போனதும் வீடே அதோட பேருல பட்டா. மாமல்லவரத்துக்குப் பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாகளே, அந்தப் பெரிய பாறையில ஒரு பூனை இருக்கும், பாத்தியா? பின்னங்காலுல நின்னுக்கிட்டு, முன்னங்காலு ரெண்டையும் தலைக்கு மேல தூக்கித் தவம் பண்ணும். சுத்தி எலிக. பல்லவன் காலத்துச் சிற்பி ஆயிரத்து முன்னூறு வருசத்துக்கு முன்னாலயே பூனையைப் படிச்சு முடிச்சிட்டான். நீ வீட்டுக்குள்ள நொழையிறப்ப மேசைக்கு அடியில சாமியாரு மாதிரி உக்காந்திருக்கே, அது அந்த வம்சம்.

மொளகாப்பொடி தூவுறது, பாச்சை உருண்டை போடுறது, வாசனைத் தைலம் தெளிக்கிறதுன்னு எதிர்வீட்டுக்காரி சொல்றதைக் கேட்டுக் கிறுக்குத்தனம் பண்ணிராத. பாச்சை உருண்டை அதுக்கு வெசம். தைலம் காலுல ஒட்டினா நக்கும், நக்கினது ஈரலைக் கெடுக்கும். வெங்காயமும் பூடும் அது ரத்தத்தையே கெடுக்கும், தாளிச்ச குழம்புச் சோத்தைப் பாவம்னு வைக்காத. தெனாலிராமன் கொதிக்கிற பாலை வச்சான்னு ஒரு கதை இருக்கு. கதைக்குச் சரி. நீ வச்சா அது பாலுக்குப் பயப்படாது, உனக்குத்தான் பயப்படும்.

அப்ப என்னதான் செய்யிறதுன்னா, அதுக்கும் ஒரு மேடை போட்டுக் குடு. பதவி குடுத்தா எதிர்க்கட்சி அடங்குற மாதிரிதான். அடுப்படி வாசலுக்குப் பக்கத்துல உன் மேடையை விட ஒரு சாண் கூட ஒசரமா ஒரு பலகை, மேல பழைய சாக்கு. அது உன்னைப் பாக்கணும், ஒசரத்துலயிருந்து பாக்கணும், அம்புட்டுத்தான் அதுக்கு ஆசை. அங்க ஏறினா ஒரு வாய் கருவாடு, உப்புப் போடாததா. மேடையில ஏறினா ஒண்ணும் கெடையாது. திட்டும் கெடையாது, ஏன்னா திட்டுறதும் ஒரு உபசாரந்தான். வாயைத் தொறக்காம எடுத்துக் கீழ விடு. ஒருநாளைக்கு நாப்பது தடவை விடணும். நீ சலிக்கிறியா அது சலிக்குதான்னு பாரு. மேடை ஓரத்துல அட்டையை வச்சு, ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பை அதுல ஒட்டி வையி. காலுல பிசுபிசுன்னு ஒட்டினா அதுக்கு ஆகாது. நீ வெளிய போயிட்டாலும் டேப்பு வேலை பாக்கும்.

இன்னொரு சங்கதி. பூனைக்கு வேட்டை நேரம் விடியக்காலமும் அந்தி நேரமும். நீ அடுப்புப் பத்த வைக்கிறதும் அதே நேரம். பசிச்ச வயித்தை வச்சுக்கிட்டு மீன் வாசனைக்கு முன்னால நானே சும்மா இருக்க மாட்டேன். நீ சமைக்கப் போறதுக்கு முன்னால அதுக்கு வச்சிரு. தொட்டியில குழாயி சொட்டுது, அதை நக்குறதுக்கும் ஏறுது. வாசரை மாத்தச் சொன்னா மாப்பிள்ளை ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழமங்கிறாரு, எந்த வருசத்து ஞாயித்துக்கெழமன்னு தெரியல.

நீ முழுகாம இருக்கேன்னு சொன்னதுலயிருந்து சம்பந்தியம்மா பூனையைக் கொண்டுபோயி விடச் சொல்றாகளாமே. அவுக பயத்துலயும் கொஞ்சம் நெசம் இருக்கு. பூனைப் பீயில ஒரு கிருமி இருக்கலாம், வகுத்துப் புள்ளைக்கு ஆகாது. ஆனா பேண்ட ஒடனே அது ஒட்டாது, ஒருநாளாச்சும் கெடந்து பழுக்கணும். தெனமும் மண்ணை அள்ளிக் கொட்டிட்டா பாதிக் கவலை ஒழிஞ்சது. அந்த அள்ளுற வேலை இனிமே மாப்பிள்ளைக்கு. மண்ணுல பொறண்ட காலோடதான் அது மேடைக்கு வருது, அதனால மாவு பெசையிறதுக்கு முன்னால சோப்புத் தண்ணி போட்டுத் துடை. அரைவேக்காட்டுக் கறியிலயும் அதே கிருமி வரும், அதையும் தொடாத. டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க. பூனையைத் தெருவுல விடவேண்டியதில்ல.

என்னது, அதிரசமா? நான் மறந்திருப்பேன்னு பாத்தேன், நீ மறக்கல. பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது தாயி. அந்த ருசியை அறியிற மரபணு அதுக்குக் கெட்டுப்போயிக் கெடக்குன்னு 2005ல அமெரிக்காவுல கண்டுபுடிச்சாக. கேசரியை நக்குச்சுன்னா நெய்க்காக நக்கியிருக்கும். அதிரசத்துக்காகத் திருகு மூடியைத் திருகித் தொறக்கிற பூனை இன்னும் பொறக்கல. ஊருக்குக் கெளம்புறதுக்கு மொத நாள் ராத்திரி, கள்ளன் யாருன்னு பாப்போம்னு மேடையில பச்சரிசி மாவை லேசாத் தூவி வச்சேன். விடிய எந்திரிச்சுப் பாத்தா குழாயடிக்குப் போன பூனைத் தடம் ஒரு வரிசை, அழகா, கோலம் போட்ட மாதிரி. டப்பாகிட்ட அஞ்சு வெரலு. நீ எந்திரிக்கிறதுக்குள்ள துண்டை எடுத்து ஒரே தொடையாத் தொடச்சிட்டேன்.

மாப்பிள்ளையைச் சந்தேகப்படாத, அவரு தங்கமான மனுசன். எனக்குச் சக்கரை எரநூத்தி நாப்பதுன்னு நீதான ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டின, அதனால என் பேரையும் எடுக்க முடியாது. பூனைன்னே இருந்துட்டுப் போகட்டும், அதுக்கு இது ஒண்ணு கூடுதலா எழுதினா கொறஞ்சா போயிரும்? மணிபிளாண்டை வேற தொட்டியில வச்சிட்டு அந்த உறியை எடுத்து அடுப்படியில மாட்டு. பாலு, நெய்யி, மீனு எல்லாம் அதுல வையி. வர்ற மாசம் உன் வளைகாப்புக்கு வாறேன். அதிரசத்தையும் அதுலயே வையி, என்ன, ரொம்ப ஒசரமா மாட்டாத, எனக்குத் தோள்பட்டை வலி.