உலை கொதித்தால் வரிசை நகரும்

அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டுக்கு வருகிறவரை முதலில் வரவேற்பது கழிவுப்பாகின் புளித்த வாடை. அடுத்து, கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் பார்த்தபடி கரும்பு லோடோடு நிற்கும் டிராக்டர்கள். அதற்கும் பிறகு கருவாட்டுக் குழம்பு வாசம் வரும். எந்த ஓட்டல் என்று தேட வேண்டாம். டிரெய்லர் நிழலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிறாரே, அந்த டிரைவரின் கைப்பக்குவம்தான்.

டோக்கன் வாங்கி, எடைமேடை ஏறி, லோடு இறங்கும்வரை டிரைவருக்கு வண்டிதான் வீடு. எப்போது இறங்கும் என்று கேட்டால் வானிலை அறிக்கை வாசிப்பவரைவிட ஜாக்கிரதையாகப் பதில் வரும்: "காலைல எறங்கலாம். எறங்காமயும் போவலாம்."

சமையல்கட்டு முழுவதும் டூல் பாக்ஸுக்குள் அடக்கம். ஸ்பானருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவே ஒரு குண்டான், ஒரு வாணல், ஒரு கரண்டி. ரேஷன் அரிசி, கல்வராயன் மலைப் புளி, வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள், வறுத்த மல்லாட்டை. வெங்காயத்துக்கும் கரும்புக்கும் ஒரே கத்தி. மூன்று கல், கொஞ்சம் சுள்ளி. கரும்புச் சோகை காலடியில் கொட்டிக் கிடந்தாலும் தொடமாட்டார். பற்றினால் அரிசி நனைவதற்குள் அணைந்துவிடும், பறந்தால் லோடையே கொளுத்திவிடும். அதனால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் கல்லை வைப்பார். இந்த விஷயத்தில் பாய்மரக் கப்பல்காரர்கள் அவரிடம் பாடம் கேட்கலாம்.

தென்பெண்ணை கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. ஆனால் குடத்தோடு போய்த் திரும்புவதற்குள் முன்வண்டி நகர்ந்துவிட்டால்? ஆகவே ஒரே கேன் தண்ணீர். அரிசி களைந்த தண்ணீரில் கருவாடு அலசப்படும். அந்தத் தண்ணீரில் தட்டு கழுவப்படும். நல்ல தண்ணீர் முதலில் ரேடியேட்டருக்கு, மிச்சம்தான் மனிதனுக்கு.

உண்மையான சோதனை உலை கொதிக்கும்போது வரும். மணிக்கணக்காக அசையாத வரிசை, சோறு முக்கால் வேக்காட்டுக்கு வந்ததும் அசையும். இதற்கு விஞ்ஞானக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் தவறியதும் இல்லை. "மாமா, நவுருது!" என்று பின்வண்டிப் பையன் கத்துவான். இவர் ஸ்டியரிங்குக்குத் தாவ, கூட வந்த மச்சினன் பழந்துணியைச் சுற்றிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வண்டியோடு நடப்பான், வழியெல்லாம் கஞ்சி வடித்தபடி. படகு சாய்ந்தாலும் நேராக நிற்கும்படி ஆடும் அடுப்பு பாய்மரப் படகுகளில் உண்டு. இங்கே அந்த வேலைக்கு ஒரு மச்சினன் போதும்.

இத்தனை சாமர்த்தியமும் ஆலை யார்டோடு சரி. வீட்டு வாசலை மிதித்தவுடன் இதே மனிதருக்குத் தண்ணீர்ச் சொம்பு எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிடும். ரசத்தில் உப்பு ஒரு கல் குறைந்தால் முகம் சுருங்கும். "ஆல லைன்ல அப்டி ஆக்குற கையி, வூட்டுக்கு வந்தா மட்டும் வௌங்காம பூடுமா?" என்று வீட்டுக்காரம்மா கேட்பார். டிரைவர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது அப்படித் தெரியும்.

டீக்கடையில் இவரிடம் 'தாரிணி' என்ற பாய்மரப் படகைப் பற்றிச் சொன்னேன். கேரளத்து தில்னாவும் நம் புதுச்சேரி ரூபாவும், இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள், 17 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். வழியில் நான்கே துறைமுகங்கள். மற்ற நாளெல்லாம் ஆக்குவதும் தின்பதும் தூங்குவதும் அந்தப் படகிலேயே.

வாயைப் பிளப்பார் என்று எதிர்பார்த்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வெளியே நிற்கும் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். வெட்டிய கரும்பு காத்திருக்கக் காத்திருக்க எடையும் இனிப்பும் இறங்கும். அந்தக் கவலை முகத்தில் அப்பட்டமாக எழுதியிருந்தது.

"எட்டு மாசமா?" என்றார். "லோடு என்னாத்துக்கு ஆவும்?"