மடை திருப்பிய வகுப்பு

மதுரைக்குத் தெற்கே நான் படித்த ஆதாரப் பள்ளியில், 1960 வாக்கில், ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம் பாதி நாள் கத்தரித் தோட்டத்தில்தான் நடக்கும். பாத்தியை அளந்து, எத்தனை நாற்று பிடிக்கும் என்று மனக்கணக்காகச் சொல்ல வேண்டும், சொன்னவனே போய் நடவும் வேண்டும். கணக்குத் தப்பியவனுக்கு நாற்று மிஞ்சும், இல்லையென்றால் பாத்தி மிஞ்சும். வாத்தியார் சிவப்பு மையைத் தொடவே வேண்டாம்.

1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்து, ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டமாக வகுத்த கல்வி அது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அதற்கும் முன்னே, 1910-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் மண் கொத்திய பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களுக்குக் காந்தியே தமிழ் சொல்லிக்கொடுத்தார் என்று படித்த அன்று, அவர்களெல்லாம் எங்கள் பள்ளியின் மூத்த செட்டு என்றே எனக்குத் தோன்றியது.

அப்பாவுக்குத்தான் ஆறவில்லை. “மம்பட்டி பிடிக்க நான் சொல்லித் தர மாட்டேனா? அதுக்கு எதுக்குடா பள்ளிக்கூடம்?”

ஆனால் அந்தக் கமலைக் கிணறு! மாடுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் தாவி உட்கார்ந்து நாமும் இறங்குகிற சுகம் இருக்கிறதே, அதற்காகவே விடுமுறையிலும் பள்ளிக்குப் போவோம். சால் கவிழ்ந்து, வாய்க்காலில் தண்ணீர் வருவதை அதன் சத்தத்தைவிட அதன் முகம்தான் முதலில் சொல்லும்: சருகையும் எறும்பையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு, காய்ந்த மண்ணை நக்கி நக்கி நகரும். பாத்தி நிறைந்த நொடியில் அதன் மடையை ஒரே வெட்டு மண்ணால் அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் வரப்பு உடையும், முந்தினால் கடைசிச் செடி வாடும். பொறுப்பு என்ற சொல்லுக்கு எனக்கு இன்றும் அந்தக் கடைசிச் செடிதான் பொருள்.

பிறகு கிணற்றுக்கு மோட்டார் வந்தது, மாடுகள் பிழைத்தன, வடம் போயிற்று. 1966-இல் கோத்தாரி குழு ‘பணி அனுபவம்’ வேண்டும் என்று அழுத்திச் சொன்னது. எங்கள் பள்ளியிலோ அது வாரத்துக்கு ஒரு பீரியடாகச் சுருங்கி, பரீட்சை நெருங்கினால் அதுவும் கணக்கு வாத்தியாருக்குப் போனது. அந்தத் தோட்டத்தை மைதானமாக்கியபோது நான் அழுதேன்.

இப்போது என் பேரன், பதினாறு வயது, வகுப்பறையில் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பண்ணையில் தங்கிப் படிக்கிறான். அப்பா என்னை எதற்குத் திட்டினாரோ, அதற்கு என் மகன் மாதாமாதம் பணம் கட்டுகிறான். கட்டட்டும். ஒருநாள் பஸ்ஸில் வந்து தொப்பியோடு போட்டோ எடுத்துப் போகிற சுற்றுலா இல்லை அது. விதைத்தவனே அறுக்கும்வரை இருக்க வேண்டும். ராத்திரி போன் செய்து, “தாத்தா, கத்தரியில புழு, நாளைக்கு என்ன செய்யட்டும்?” என்று அவன் கேட்கிற குரலில் ஒரு குடியானவனின் கவலை இருக்கிறது. மதிப்பெண்ணுக்காக அவன் ஒருநாளும் இப்படிக் கவலைப்பட்டதில்லை.

போன மாதம் பார்க்கப் போனேன். காய்கறிக்கெல்லாம் சொட்டுநீர்க் குழாய், வாழைக்கு மட்டும் இன்னும் வாய்க்கால். மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து, மம்பட்டியை என் கையில் கொடுத்தான்.

“நீங்க திருப்புங்க தாத்தா.”

செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்றேன். தூரத்தில் சருகு நகர்ந்தது.