ஆறாவது கேள்வி

2025-இல் இந்தியாவில் காசநோய் ஒழிந்திருக்க வேண்டும். 2018 மார்ச்சில் டெல்லியில் பிரதமரே தேதி குறித்தார். உலகம் 2030 என்றது. நாம் ஐந்து வருஷம் முந்திக்கொண்டோம். தேதி வந்தது, போனது. கிருமி இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இன்னும் இந்தியர்தான்.

நீலகிரியில் அரவேணுப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீடு. கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்திக்குச் சளியில் கிருமி இருப்பதாகக் கோத்தகிரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஓடி வரும். மாத்திரை இலவசம். (2024-இல் மாத்திரைக்கே தட்டுப்பாடு வந்து, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று டெல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியதை மறந்துவிடுவோம். அவர்கள் மறந்துவிட்டார்கள்.) சத்துணவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், 2024 நவம்பர் வரை ஐந்நூறு. தானம் செய்ய யாராவது புரவலர் கிடைத்தால் பருப்பும் கடலையும் போட்ட பை ஒன்று. பையைத் தூக்க ஒருவர் போதும். பிடித்துக்கொண்டு நிற்க எட்டுப் பேர், படமெடுக்க ஒருவர். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் அவள் மறைத்து வைத்திருந்த நோயை, சாயங்காலத்துக்குள் ஊரே வாட்ஸ்அப்பில் பார்த்துவிடும்.

அப்புறம் ஆறு மாதம். தம்ளர் தனியாகும். தட்டு தனியாகும். கூடப் பறிக்கிறவள் நாலு செடி தள்ளி நிற்பாள். பிள்ளையை மாமியார் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ராத்திரி தூக்கம் கிடையாது. பகலில் கூலி கிடையாது. மூன்றாம் மாதம் இருமல் நிற்கும். செத்தால் என்ன என்று தோன்றுகிறவளுக்கு மாத்திரை எதற்கு? அதுவும் நிற்கும். கோப்பில் எழுதுவார்கள்: நோயாளி ஒத்துழைக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2022-இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' வந்தது. நல்ல திட்டம். சாவைத் தடுக்க நோயாளியிடம் ஐந்து விஷயம் பார்க்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கமா, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, யாரும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா. ஐந்தும் உடம்பு. நிற்க முடிகிறதா என்று கேட்கிற சர்க்கார், வாழப் பிடிக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டது. இரண்டு வாரமாக மனசு வெறுத்துப்போய் இருக்கிறதா? எதிலும் நாட்டம் இல்லையா? ஆரம்பத்துக்கு இந்த இரண்டு கேள்வி போதும். டெண்டர் வேண்டாம். கட்டடம் வேண்டாம். அதனால்தான் யாருக்கும் ஆர்வமில்லை.

இது ஏதோ புதுச் சங்கதி என்று நினைக்காதீர்கள். 1952-இல் நியூயார்க்கின் ஸீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து சிரித்தார்கள், ஆடினார்கள். மனச்சோர்வுக்கான முதல் மாத்திரை பிறந்ததே காசநோய் வார்டில்தான்! எழுபது வருஷம் கழித்தும் நம் ஆஸ்பத்திரிகளில் காசநோய்ப் பிரிவு ஒரு மூலை, மனநலப் பிரிவு ஒரு மூலை. நடுவில் நோயாளி சீட்டைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டும். வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தருகிற சைக்ளோசெரின் மனச்சோர்வையும் புத்தித் தடுமாற்றத்தையும் தற்கொலை எண்ணத்தையும் கிளப்பக்கூடியது. அதைத் தருகிற கை, மனசு எப்படியிருக்கிறது என்று விசாரிக்காதது மறதியில்லை. குற்றம்.

மனசை விசாரிப்பதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம் என்பார்கள். பெருவின் லிமா நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் இதே நோயாளிகளைக் கூட்டமாக உட்காரவைத்துப் பேசவைத்தார்களே, அது எந்தப் பணக்கார நாடு?

இங்கேயும் மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. 2022-இல் 14416 என்று போன் நம்பரும் வந்தது. லைன் வீட்டின் ஒற்றை அறையில், பக்கத்து வீட்டார் காதுபட, சிக்னல் கிடைக்கிற மூலையில் நின்று, "சாகணும்போல இருக்குங்க" என்று அவள் சொல்ல வேண்டும். நேரில் பார்க்கலாம் என்றால் கோத்தகிரிக்கு ஒரு பஸ், ஊட்டிக்கு இன்னொரு பஸ்.

மனசு உடைந்த நோயாளிகள் அவ்வளவு பேரையும் தேடிப்பிடிக்க அரசால் எப்படி முடியும் என்று கேட்பவர்கள், டாஸ்மாக்கைப் பாருங்கள். நீலகிரியில் 2022 மே முதல் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பத்து ரூபாய் கூடுதல். காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டில் உடைந்த கண்ணாடி விலங்குகளின் காலைக் கிழிக்கிறதே என்று உயர் நீதிமன்றம் பிடித்த பிடியில் வந்த ஏற்பாடு. நியாயமானதுதான். குடியில் விழுந்தவர் மாத்திரையை விட்டுவிடுவார் என்பது காசநோய்ப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். மாத்திரை கொடுப்பதும் அரசு, சரக்கு விற்பதும் அரசு. பாட்டில் திரும்பி வராவிட்டால் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும். அதைக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியவர் திரும்பி வராவிட்டால், பதிவேட்டில் ஒரு டிக் போட்டால் போதும்.