பெருச்சாளிப் படலம்: சிறு எந்திர வீரர்களின் பதவி குறித்து ஓர் ஆய்வு

உருமாறும் எந்திரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தலைவனைத்தான் பாடுகிறார்கள். லாரியாக வந்து எழுந்து நின்று அறிவுரை சொல்லும் ஆப்டிமஸ் பிரைமுக்கு உரைகள் உண்டு. உரைகளுக்கு மறுப்புரைகளும் உண்டு. ஹஃபர், கியர்ஸ், பிரான் முதலிய உள்ளங்கையளவு வீரர்களுக்கு ஒரு கலம்பகம்கூடக் கிடையாது. இக்குறையை நீக்கப் புகுந்த இவ்வாய்வு திருவனந்தபுரத்தைக் களமாகக் கொள்கிறது. எந்திரத்துக்கு சப்-இன்ஸ்பெக்டர் பதவி கொடுத்த ஊர் என்பது அதற்குப் போதுமான தகுதி.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். ஜப்பானின் டகாரா நிறுவனம் டயாக்லோன், மைக்ரோ சேஞ்ச் என்று இரு பொம்மை வரிசைகள் வைத்திருந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றை எடுத்து 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயரிட்டு விற்றது. பொம்மைகளுக்கு ஊர், குணம், பகை எல்லாம் அப்புறம்தான் எழுதப்பட்டன. கோயில் எழும்பிய பிறகு தலபுராணம் பாடுவது நமக்கும் பழக்கந்தான். அந்தப் புராணத்தின்படி கியர்ஸ் எதற்கெடுத்தாலும் குறை சொல்பவர். ஹஃபர், வளைகுடாவுக்குப் போன முதல் வருடத்து ஆளைப் போல ஊர் ஞாபகத்திலேயே இருப்பவர். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் ஒரு மதிப்பெண் அட்டை. வலிமை, அறிவு, வேகம், தாங்குதிறன், பதவி, துணிவு, சுடுதிறன், தேர்ச்சி என்று எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றும் பத்துக்கு. வெறுங்கண்ணுக்கு எதுவும் விளங்காது. கூடவே வரும் சிவப்பு பிளாஸ்டிக் தகட்டை மேலே வைத்தால்தான் கோடு தெரியும். ஞானக்கண் இவ்வளவு மலிவாக வேறெங்கும் விற்கப்படவில்லை.

சிறு வீரர்களின் ஆயுட்பாவம் கவலைக்குரியது. 1986இல் வந்த திரைப்படத்தில் சிறு வீரர் பிரானும் உடனிருந்த ப்ரவுல், ராட்செட், அயர்ன்ஹைட் ஆகிய மூவரும் தொடக்கத்திலேயே ஒரே விண்கலத்தில் மாண்டு போகிறார்கள். சுட்டவன் மெகாட்ரானும் அவன் கூட்டமும் என்பது கதை. புது வரிசைப் பொம்மைகளுக்குக் கடை அலமாரியில் இடம் வேண்டியிருந்தது என்பது வரலாறு.

கள ஆய்வுக்குச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். ஆ. மாதவன் பாத்திரக்கடை வைத்திருந்த தெரு அது. சுமை தூக்குகிறவன், திருடன், பிழைக்க வழியில்லாதவன் என்று தெருவின் ஓரத்து ஆட்களை நடுவில் உட்கார்த்திக் கதை எழுதியவர் அவர். ஆகவே இத்துறைக்கு முன்னோடி. பொம்மைக்கடைக்காரர் தென்காசிப் பக்கத்து ஆள். பேரில்லாத பெட்டியில் இருந்த கார் பொம்மையைப் பிரித்து, மடக்கி, ஆளாக்கிக் காட்டினார்.

"இதுக்குப் பேர் என்ன அண்ணாச்சி?"

"பேரா? மஞ்சள்னு கேப்பாங்க சார். மஞ்சள்தான் ஓடும்."

சிறு வீரராகத் தொடங்கித் தலைவனுக்கு அடுத்த இடத்துக்கு உயர்ந்த பம்பிள்பீயின் புகழ், பெயர் கழன்று நிறம் மட்டும் எஞ்சிய நிலையில் சாலைக் கடைத்தெரு வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று இதனால் பெறப்படும்.

இனிப் பரபக்கம். இந்நகரில் எந்திர வீரர் என்னும் பட்டத்துக்கு உரிமை கோருவோர் பலர். முதலாமவர் கேபி-பாட். 2019 பிப்ரவரி 19 அன்று வழுதக்காட்டில் உள்ள காவல்துறைத் தலைமையகத்தில் முதல்வர் பினராயி விஜயன் தொடங்கி வைத்தார். பெண் உருவம், சப்-இன்ஸ்பெக்டர் பதவி. வருகிறவர்களை வரவேற்பதும் வழி சொல்வதும் பணி. வந்த அன்றே முதல்வருக்கு சல்யூட் அடித்தார். உருமாறுவாரா என்றால் மாட்டார். வரவேற்பறையில் இருப்பவர் எதற்கு உருமாற வேண்டும்? அடுத்தவர் வியோமித்ரா. வட்டியூர்க்காவில் இஸ்ரோவின் பிரிவு ஒன்றில் உருவாகி, 2020 ஜனவரியில் பெங்களூரில் வெளியுலகைப் பார்த்தவர். விண்வெளிக்குப் போவதற்கென்று செய்யப்பட்டவர், கால்கள் இல்லை. மிதக்கிற இடத்தில் கால் வீண்செலவு என்ற வாதம் நியாயமானது. ஆனால் வானத்துக்குப் போகிறவரைச் சிறு வீரர் வரிசையில் சேர்ப்பது அவருக்கும் மரியாதை இல்லை, வரிசைக்கும் மரியாதை இல்லை. சினிமா எந்திரம் சிட்டியைச் சேர்க்கலாமே என்பார் உளர். சிட்டி கதாநாயகன், அதுவும் ரஜினிகாந்த். விவாதம் முடிந்தது.

சுபக்கம்: இவ்வாய்வு முன்மொழிபவர் பாண்டிகூட். தமிழில் பெருச்சாளி. முகம் கிடையாது, குரல் கிடையாது. மேலே ஒரு தாங்கியும் திரையும். கீழே கேமராக்களோடு ஒரு கூண்டு உடல். கால்களை ஒடுக்கிக்கொண்டு பாதாளச் சாக்கடையின் ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்கி, உள்ளே கால்களை விரித்துச் சுவரில் ஊன்றி நின்று, கையை நீட்டி வாளியில் மண்ணையும் கழிவையும் அள்ளி மேலே அனுப்பும். செய்தது திருவனந்தபுரத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ். தொடங்கியவர்கள் குற்றிப்புறம் எம்இஎஸ் பொறியியல் கல்லூரியில் படித்த நான்கு இளைஞர்கள். கல்லூரியில் அவர்கள் செய்து பார்த்தது, ஆள் அணிந்துகொள்ளும் எந்திரக் கவசம், சினிமாச் சரக்கு. அங்கிருந்து சாக்கடைக்கு வந்த காரணத்தில் வேடிக்கை ஒன்றுமில்லை. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஆந்திராவிலிருந்து வந்த இரண்டு தொழிலாளர்கள் குழிக்குள் விஷவாயுவில் விழுந்தார்கள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் சத்தம் கேட்டு ஓடிவந்து காப்பாற்ற இறங்கினார். மூவரும் இறந்தார்கள். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. 2018இல் பெருச்சாளி திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. பிறகு கும்பகோணத்துக்கும் போனது.

உருமாறுகிறவன் வாகனமாக வேண்டும் என்பது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் விதி, இது எந்த வாகனமாகிறது என்று மறுப்பாளர் கேட்பர். தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பழவங்காடிக் கணபதி கோயில் இருக்கிறது. ராணுவம் பராமரிக்கும் கோயில், தேங்காய் உடைபடாத நேரம் குறைவு. பெருச்சாளி வாகனமில்லை என்பவர் அந்த வாசலில் நின்று சொல்லிப் பார்க்கட்டும்.

இனி அட்டையை நிரப்பலாம். வலிமையும் அறிவும் போதுமானவை. வேகம் கேட்க வேண்டாம். அந்த இடத்தில் ஓடினவர் யாருமில்லை. தாங்குதிறனுக்குத் தாராளமாகப் போடலாம், கழிவுநீரில் மூழ்கி எழுந்து மறுபடி மூழ்குவதே பிழைப்பு. சுடுதிறன் சுழியம். மீத்தேன் தேங்கும் குழியில் அது சுழியமாக இருப்பதுதான் சிறப்பு. ஆப்டிமஸ் பிரைம் துப்பாக்கியோடு இறங்கியிருந்தால் வார்டே இருக்காது. தேர்ச்சியை எந்திரத்தின் கணக்கில் எழுத முடியாது. முன்பு குழிக்குள் இறங்கியவர்களே பயிற்சி பெற்று இதை இயக்குகிறார்கள், அந்தக் கட்டத்தின் மதிப்பெண் அவர்களுடையது. துணிவிலும் சிக்கல். மூச்சு விடாத ஒன்றுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடிடம் என்ன பயம்? பயமில்லாத இடத்தில் துணிவை எப்படி அளப்பது? அந்தக் கட்டத்தைக் கோழிக்கோட்டு ஆட்டோ ஓட்டுநர் பெயரில் எழுதுவதே முறை.

வீரர் வென்றே தீர வேண்டும் என்றும் இல்லை. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் கால்வாயில் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளி குப்பையும் வெள்ளமும் இழுக்கக் காணாமல் போனார். தேடுவதற்கு எந்திரங்களும் இறக்கப்பட்டன. மூன்றாம் நாள் உடல் தகரப்பறம்பு பக்கம் மிதந்தது. எந்திரம் இருந்த ஊரில் அன்றும் மனிதர்தான் முதலில் இறங்கினார் என்பதை மதிப்பெண் அட்டையின் எட்டுக் கட்டங்களில் எதிலும் எழுத இடமில்லை. ஒன்பதாவது கட்டம் ஒன்று தேவை என்று இவ்வாய்வு கருதுகிறது.

மிஞ்சியது பதவி. முகம் உள்ளதற்கு வரவேற்பறையும் நட்சத்திரமும், கை உள்ளதற்குக் குழி என்பது இந்நகரில் நிலைபெற்ற நடைமுறை. எந்திரத்துக்குப் பதவி தர முன்னுதாரணம் இருப்பதால், பெருச்சாளிக்கும் குறைந்தது சப்-இன்ஸ்பெக்டர் கிடைக்க வேண்டும். இடமாற்றம், பென்ஷன் கேட்காது. ஒரே இடைஞ்சல் சீருடை விதி: மேலதிகாரி வரும்போது சல்யூட் அடித்தாக வேண்டும். கை இருக்கிறது, ஆனால் அதில் வாளி இருக்கும்.